டல்லாப் படகில் ஒரு விடியல்

பதினோரு நிமிடப் படம்.
கதை இவ்வளவுதான்:
கடன் வாங்கிய சைக்கிளைத் திருப்பிக் கொடுக்க
ஒருவன் விடியற்காலைப் படகில்
ரங்கூனிலிருந்து டல்லாவுக்குப் போகிறான்.
இரண்டு வாரம் போதும் என்று
அரிசிக்கடைக் கணக்குநோட்டின் கடைசித் தாளில்
எழுதிவைத்தேன்.
செலவு: படகுச் சீட்டு, தேநீர்,
கடற்பறவைகளுக்கு வீச வறுத்த ரொட்டி.
வரவு என்ற இடத்தில் ஒரு கோடு.

பறவைகள் கார்த்திகையில் வரும், மாசியில் போய்விடும்.
அவை இல்லாமல் அந்தப் படகு வெறும் படகு.
ஆகவே என் படத்துக்கு
வருஷம் என்பது நான்கு மாதம்.

அதிலும் எனக்கு ஞாயிறுதான் விடுமுறை,
இருளப்பனுக்கு ஞாயிறுதான்
வெங்காய லாரி வரும்.

முதல் வருஷம் போனில் இடமில்லை.
படகேறும் ஷாட்டுக்காக
அக்காவின் கல்யாணத்தை அழித்தேன்.
அவளிடம் இன்னும் சொல்லவில்லை.
இஞ்சின் சத்தம் எல்லா வசனத்தையும் தின்றது.
வசனங்களை எடுத்துவிட்டேன்.
அதைப் பாணி என்று பிறகு யாராவது சொல்லக்கூடும்.

சைக்கிள்
உண்மையிலேயே கடன் வாங்கியது.
டல்லாக்காரர் ஊ தெய்ன் லுவினுடையது.
படம் முடிந்ததும் தருகிறேன் என்றிருந்தேன்.

இரண்டாம் வருஷம்
நான்கு மணி நேரம் கரண்ட், எட்டு மணி நேரம் இருட்டு.
எங்கள் தெருவின் முறை
பின்னிரவு ஒரு மணிக்கு வரும்.
அப்போது விழித்திருப்பவர்கள்
மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றுகிறவர்களும் நானும்.
மாடியில் மோட்டார் ஓடினால்
என் திரை துடிக்கும்.
முப்பது நொடியை ஒட்ட ஒரு மாதம்.
சில இரவு, ஒட்டியதைப் பிரிக்க ஒரு மாதம்.

மாசியில், பறவைகள் கிளம்பும் முன்பே
பட்டாளத்துக்குப் பெயர் எடுக்கிறார்கள் என்றார்கள்.
இருளப்பனுக்கு இருபத்தாறு வயது.
அடுத்த செவ்வாய் அவன் மியாவாடி பஸ்ஸில் இருந்தான்,
அதற்கடுத்த செவ்வாய் ஆற்றுக்கு அந்தப் பக்கம்.
வேறு ஆறு.
நீலச் சட்டையைத்
துவைத்து மடித்து அனுப்பியிருந்தான்.

மூன்றாம் வருஷம் அதைப் போட்டுக்கொண்டு
அவன் தங்கை முனீஸ்வரி நடந்தாள்,
முதுகு மட்டும்.
அவள் நடை வேகம். மெதுவா, மெதுவா என்று கத்தினேன்.
மூன்றாவது டேக்கில்
அவன் தோள் அவளுக்கு வந்துவிட்டது.
நான் கட் சொல்ல மறந்தேன்,
அவள் சைக்கிளோடு கரையேறி
சந்தைவரை போய்விட்டாள்.

சீட்டு கிழிக்கும் அம்மா பர்மியத்தில் கேட்டாள்:
எத்தனை நாள் எடுப்பாய்?
ஆற்றைக் கடக்கப் பத்து நிமிஷம்தானே.
கடந்துகொண்டே இருக்கிறேன் அம்மா என்றேன்.
சொன்ன பிறகு கூச்சமாக இருந்தது.
இதற்குத்தான் வசனங்களை எடுத்தேன்.

எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டியபோதுதான் பார்த்தேன்:
அவன் படகேறும்போது வெறும் ஆறு.
ரொட்டி வீசும்போது பின்னால் இரண்டு தூண்.
இறங்கும்போது
தூண்களிலிருந்து கம்பிகள் தொங்குகின்றன.
ஒரே விடியல், அதற்குள் ஒரு பாலம்.
கன்டினியூட்டி தெரிந்தவன் சிரிப்பான்.
வெட்டிப் பார்த்தேன்.
வெட்டினால் நதியே மிஞ்சவில்லை.
அப்படியே விட்டிருக்கிறேன்.

போன வாரம் இருளப்பன் கூப்பிட்டான்.
மே சோட்டில் ஒரு தையல் கூடத்தில் வேலை,
பின்னால் மெஷின்கள் இரைந்தன.
"படத்துல நான் எறங்கிட்டனாடா?"
முதுகு எறங்கிடுச்சு என்றேன்.
முகம் பாக்கி, நாலு நொடி.
அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு,
"சைக்கிளுக்குக் காத்து இருக்கா?"

நோட்டில் இரண்டு வாரம் என்பதை அடித்தேன்.
பக்கத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

ஐப்பசி பிறந்து ஆறு நாள்.
படித்துறையில் இன்னும் ஒரு சிறகும் இல்லை.
மாடிப்படியின் கீழ்
இரண்டு டயருக்கும் காற்றடித்தேன்.
பின்டயர் எங்கோ மெல்லக் கசிகிறது.